காற்றைக் கழுவும் கனல்

வேலை நாடி வடபுலம் வந்த நம் குடும்பத்தார் குடியிருக்க வீடு பார்க்கும்போது மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்பர். தண்ணீர் தடையின்றி வருமா? பிள்ளைகளுக்குப் பள்ளி அருகில் உண்டா? பேச்சுத் துணைக்கு ஒரு தமிழ்க் குடும்பமேனும் அண்டையில் இருக்கிறதா? ஆலைகள் நிறைந்த ஊர்களில் நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. இரவில் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதே அது. வீட்டுக்காரர் இதற்கு விடை சொல்லமாட்டார். குடிபுகுந்த முதல் வாரத்தில் மூக்கே விடை சொல்லிவிடும்.

மும்பையின் செம்பூர், குஜராத்தின் வாபி, அங்கலேஷ்வர், ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செரு என்று ஆலைகள் நெருங்கி நிற்கும் ஊர்கள் பல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டில் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்து, நூற்றுக்கு எத்தனை என்று மாசுக்கு மதிப்பெண் இட்டது. அவ்வாண்டுப் பட்டியலில் அங்கலேஷ்வர் 88.50 பெற்று முதலிடத்திலும், வாபி 88.09 பெற்று அதனை அடுத்தும் நின்றன. பள்ளியில் இத்தகைய மதிப்பெண் பெற்றால் இனிப்பு வழங்குவோம். இங்கோ, அது நுரையீரலுக்கு நேர்ந்த கேட்டின் அளவு.

இவ்வூர்களில் வாழ்வோரின் நிலை இருதலைக் கொள்ளி எறும்பின் நிலையாகும். குடும்பத் தலைவருக்கு ஊதியம் தருவதும் ஆலை. குழந்தையின் இருமலுக்குக் காரணமோ என்று தாய் ஐயுறுவதும் அதே ஆலை. ஆலையை மூடுக என்று குரல் எழுப்பினால் அடுப்பு அணைந்துவிடும். வாய்மூடி இருந்தாலோ மூச்சு முட்டுகிறது. ஊதியமா, மூச்சா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஒரு குடும்பத்தை நிறுத்துவது அறமன்று. அறிவியல் இத்துணை வளர்ந்துள்ள நாளில் அஃது இன்றியமையாததும் அன்று. ஆலைக் காற்றைத் தீயிலிட்டுத் தூய்மை செய்யும் முறை ஒன்று உண்டு. அந்தத் தீக்காகும் செலவைத் தானே பெரும்பகுதி ஈட்டிக்கொள்ளும் முறையும் அதுவே. அதனைப் பற்றியே இத்திங்கள் நாம் பேசப்போகிறோம்.

முதலில், நம் மூக்கை எட்டும் அந்த நாற்றம் யாது என்று அறிவோம். வீட்டுக்கு வண்ணம் பூசுகையில் பெயிண்டில் தின்னர் கலப்பதை யாவரும் பார்த்திருப்போம். சுவரில் தங்குவது வண்ணம். தின்னர் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. இதே செயல் ஆலைகளில் பெரிய அளவில் நாள்தோறும் நடைபெறுகிறது. பிஸ்கட் பொட்டலத்தின் மேல் பளபளக்கும் படங்களை அச்சிடும் மையில் டொலுயீன், எதில் அசிடேட் முதலிய கரைப்பான்கள் உள்ளன. மை உலர்ந்ததும் அவை ஆவியாய்க் கிளம்புகின்றன. மோட்டார் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் கூடம், மருந்து செய்யும் ஆலை, பசை தடவும் ஆலை, ரப்பர் ஆலை ஆகிய எல்லாவற்றிலும் இத்தகைய ஆவிகள் உண்டு. டொலுயீன் மிகுந்தால் தலைவலியும் மயக்கமும் தரும். அதன் உறவான பென்சீன் புற்றுநோய் விளைக்கும் என்பது ஐயமறத் தெளியப்பட்ட செய்தி. 2009ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நம் நாட்டுக் காற்றுத் தர விதி, ஒரு கன மீட்டர் காற்றில் பென்சீன் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்கிறது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கி அதில் ஐந்து கூறு மட்டுமே பொறுக்கத்தக்கது என்றால், அதன் கொடுமையை அறியலாம்.

கண்ணுக்குப் புலப்படும் கரும்புகையை விட இந்த ஆவிகள் ஏமாற்று மிக்கவை. புகைபோக்கியின் மேலே ஒன்றும் தெரியாது; வானம் தெளிவாகவே இருக்கும். ஆனால் இவை வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு கூடி, வெயிலில் வினைப்பட்டு, ஓசோன் என்னும் எரிச்சல் தரும் வாயுவை விளைக்கின்றன. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மக்கள் கண்ணெரிச்சலால் அல்லலுற்ற காலத்தில், ஆரி ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியல் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் இந்த உண்மையைக் கண்டு சொன்னார். அந்நகரைச் சேர்ந்த கவுண்டி ஆட்சி, கரைப்பான் ஆவிகளைக் கட்டுப்படுத்த 1966ஆம் ஆண்டில் தனி விதியே இயற்றிற்று.

இவ்வாவிகளை எவ்வாறு ஒழிப்பது? இவற்றுட் பெரும்பாலானவை கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. சிலவற்றில் பிராணவாயுவும் உண்டு. எனவே இவை எரியக்கூடியவை. முற்றும் எரிந்தால் மிஞ்சுவன கரியமில வாயுவும் நீராவியுமே. நாற்றமும் நஞ்சும் போய்விடும். ஆனால் 'எரித்தல்' என்றவுடன் அடுப்பில் விறகு எரிவதை நினைத்தல் கூடாது. ஆலைக் காற்றில் ஆவி மிகச் சிறிதளவே கலந்திருக்கும். தீக்குச்சியைக் காட்டினால் பற்றிக்கொள்ளாது. பற்றும் அளவுக்கு மிகுந்தால் வெடித்துவிடும் ஆதலின், வெடிக்கத் தொடங்கும் அளவில் காற்பங்கைத் தாண்டாமல் வைத்திருப்பது தொழில் மரபு. ஆகவே காற்று முழுவதையும் 750 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் ஏறத்தாழ அரை நொடி முதல் ஒரு நொடி வரை நிறுத்த வேண்டும். ஆவி பிராணவாயுவோடு நன்கு கலக்கும்படி சுழலவும் செய்ய வேண்டும். சூடு, காலம், கலப்பு என்ற மூன்றும் பொருந்தினால் நூற்றுக்கு 95 முதல் 99 பங்கு வரை ஆவி அழியும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அரைகுறையாய் எரிந்து கரி மோனாக்சைடு என்ற வேறொரு நஞ்சு தோன்றும். அரைவேக்காட்டுச் சோறு பச்சரிசியினும் கேடு என்பது போன்றதே இது.

இங்கேதான் செலவு குறுக்கிடுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் அச்சுக்கூடத்திலிருந்து மணிக்கு 10,000 கன மீட்டர் காற்று வெளியேறுவதாகக் கொள்வோம். காற்றுக்கு எடையில்லை என்று எண்ணிவிட வேண்டா; இதன் எடை ஏறத்தாழ பதினொன்றரை டன். அதனை 30 டிகிரியிலிருந்து 800 டிகிரிக்குச் சூடேற்ற, சமையல் எரிவாயு ஏறக்குறைய 210 கிலோ எரிய வேண்டும். நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அப்படியாயின் மணிக்குப் பதினைந்து சிலிண்டர். இரவும் பகலும் ஓடும் ஆலையில் நாளொன்றுக்கு 360 சிலிண்டர்! மாதம் ஒரு சிலிண்டர் செலவிடும் இல்லத்தரசி முப்பது ஆண்டு சமைக்கும் எரிவாயுவை, அந்த ஆலை ஒரே நாளில் காற்றைச் சூடாக்கிக் காற்றிலேயே விட்டுவிடும். இதை எந்த முதலாளி பொறுப்பார்? பொறுத்தாலும், அந்தச் செலவு பண்டத்தின் விலையில் ஏறி நம் தலையில்தான் விழும். அதோடு, அத்தனை எரிபொருளை வீணே எரிப்பதும் உலகுக்கு நன்மையன்று.

எனவே, காற்றைச் சூடேற்றவும் வேண்டும். அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். இஃது இயலுமா? டில்லியிலோ லக்னோவிலோ மார்கழிக் குளிரைக் கண்ட நம் தாய்மார்கள் இதற்கு விடை அறிவார்கள். விடியற்காலையில் பால் வாங்கச் செல்கையில் மூக்கையும் வாயையும் மூடிக் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொள்கிறோம். வெளிவிடும் மூச்சின் வெப்பம் கம்பளியில் தங்குகிறது. அடுத்து உள்ளிழுக்கும் குளிர்காற்று அக்கம்பளி வழியே வருகையில் அந்த வெப்பத்தை ஏந்திக்கொண்டு வருகிறது. இவ்வாறு வெளியே போக இருந்த சூடு, மூச்சுக்கு மூச்சு நம்மிடமே திரும்புகிறது. மப்ளர் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறது. அவ்வளவே.

வெப்பம் மீட்கும் எரிகலம் என்பது ஆலைக்குச் சுற்றிய மப்ளர்தான். கம்பளிக்குப் பதிலாக அதில் இருப்பது பீங்கான். இரண்டு கோபுரங்களை நிறுத்தி, அவற்றினுள் பீங்கான் துண்டுகளை நிரப்புகிறார்கள். சில இடங்களில் துண்டுகள் குதிரைச் சேணம் போல வளைந்திருக்கும். சில இடங்களில் தேனடை போலத் துளைகள் நிறைந்த கட்டிகளாக இருக்கும். இரு கோபுரங்களின் தலைகளையும் ஓர் எரியறை இணைக்கிறது. அழுக்குக் காற்று முதற் கோபுரத்தின் அடியில் புகுந்து, முன்பே சூடேறிய பீங்கானின் இடையே ஏறுகிறது. உச்சியை அடையும்போது எரியறையின் சூட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். எரியறையில் ஆவி எரிந்து தூய்மையாகிறது. தூய காற்று இரண்டாம் கோபுரத்தின் வழியே கீழிறங்கும்போது தன் வெப்பத்தை அங்குள்ள பீங்கானுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. ஓரிரு நிமிடம் சென்றதும் வால்வுகள் திரும்புகின்றன. இப்போது இரண்டாம் கோபுரம் வழியே அழுக்குக் காற்று ஏறும். முதற் கோபுரம் வழியே தூய காற்று இறங்கும். மூச்சை இழுப்பதும் விடுவதும் போல இச்செயல் இடையறாது நடைபெறும்.

இதன் பயனைக் காணுங்கள். நன்கு அமைந்த எரிகலம் வெப்பத்தில் நூற்றுக்கு 95 பங்கு வரை மீட்கிறது. உள்ளே 800 டிகிரி சூடு. புகைபோக்கியில் வெளிவரும் காற்றோ ஏறத்தாழ 70 டிகிரிதான். நாம் மேலே கண்ட அச்சுக்கூடத்துக்கு நாளொன்றுக்கு 360 சிலிண்டர் தேவைப்பட்ட இடத்தில் 18 போதும். அதுவும் முழுவதும் வேண்டியதில்லை. ஆவியே ஓர் எரிபொருள் அன்றோ? ஒரு கன மீட்டர் காற்றில் ஒன்றரை கிராம் டொலுயீன் இருந்தால், அது எரிந்து தரும் வெப்பமே அந்தச் சிறு இழப்பை ஈடுசெய்துவிடும். கலத்தைத் தொடக்கத்தில் சூடாக்கும் அளவுக்கே வெளியிலிருந்து எரிபொருள் வேண்டும். பிறகு அழுக்கே அழுக்கை எரித்துக்கொள்ளும். முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. ஸ்காட்லாந்தில் ராபர்ட் ஸ்டர்லிங் என்னும் கிறித்தவ சமய குரு, 1816ஆம் ஆண்டில் வெப்பத்தைச் சேமித்துத் திருப்பித் தரும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அந்நாளில் இரும்பு உருக்குவோரிடம் ஒரு நம்பிக்கை இருந்தது. குளிர்ந்த காற்றை உலைக்குள் ஊதினால்தான் நல்ல இரும்பு கிடைக்கும் என்று அவர்கள் உறுதியாக எண்ணினார்கள். கிளாஸ்கோ நகரின் ஜேம்ஸ் நீல்சன் அதற்கு மாறாக, சூடேற்றிய காற்றை ஊதி, நிலக்கரிச் செலவைப் பெரிதும் குறைக்க முடியும் என்று காட்டினார்; அவர் காப்புரிமை பெற்றது 1828இல். அதன்பின் 1857ஆம் ஆண்டில் எட்வர்ட் கௌப்பர் என்னும் ஆங்கிலப் பொறிஞர், உலையிலிருந்து வெளியேறும் வாயுவையே எரித்துச் செங்கற்களைச் சூடாக்கி, அச்செங்கற்களின் வழியே உலைக்குச் செல்லும் காற்றைச் செலுத்தும் அடுப்பை வகுத்தார். ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் ரூர்கேலாவிலும் வாழும் அன்பர்கள் ஊதுலையின் அருகே குவிந்த தலையுடன் உயர்ந்து நிற்கும் உருளைகளைக் கண்டிருப்பார்கள். அவை கௌப்பர் வகுத்த அடுப்பின் வழி வந்தவையே. ஊதுலை வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கரி மோனாக்சைடு. அது மூச்சில் கலந்தால் உயிரைப் பறிக்கும் நஞ்சு. அடுப்பில் எரிந்தால் இரும்பு உருக்க உதவும் வெப்பம். ஒரே பொருள், இருக்கும் இடத்தால் நஞ்சும் ஆகிறது, நன்மையும் ஆகிறது.

இரும்பு உலையில் நூறாண்டுக்கு மேல் பழகிய இம்முறை, 1970களில் அமெரிக்காவில் ஆலைக் காற்றைத் தூய்மை செய்யும் பணிக்குத் திருப்பப்பட்டது. அவ்வாண்டுகளில் ஒருபுறம் காற்றுச் சட்டம் கடுமையாயிற்று. மறுபுறம் எண்ணெய் விலை ஏறிற்று. எரிக்கவும் வேண்டும், எரிபொருளும் மிச்சமாக வேண்டும் என்ற இரண்டு நெருக்கடிகளுக்கும் ஒருங்கே விடையாக இக்கலம் அமைந்தது. நம் நாட்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1981ஆம் ஆண்டில்.

பீங்கான் கோபுரமே ஒரே வழி என்பதில்லை. நம் வீட்டு மின்விசிறியினுள் சுற்றியுள்ள செப்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் பூசப்படும் எனாமலை அடுப்பில் உலர்த்தும்போது கிரசால், சைலீன் முதலிய ஆவிகள் கிளம்புகின்றன. இக்காலக் கம்பி ஆலைகளில் அவ்வாவியைப் பிளாட்டினம், பல்லேடியம் பூசிய வினையூக்கியின் மேல் செலுத்துகிறார்கள். வினையூக்கி இருப்பதால் மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவி எரிந்துவிடும். அந்த வெப்பத்தைத் திருப்பி அதே அடுப்புக்கு அனுப்பிக் கம்பியை உலர்த்துகிறார்கள். கம்பியின் அழுக்கே கம்பிக்கு அடுப்பாகிறது.

நிற்க. வெப்பத்தை மீட்பது முதலாளியின் இலாபத்தைப் பற்றிய செய்திதானே, குடியிருப்போருக்கு அதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். நாம் வற்புறுத்த விரும்புவது இதனைத்தான். நமக்கே அதில் அக்கறை மிகுதி. தூய்மை செய்யும் கருவி செலவு வைப்பதாயின், அது பகலில் அதிகாரிகளின் கண்ணுக்கு முன் ஓடும், இரவில் நிற்கும். இரவுப் பணியின் மேற்பார்வையாளருக்கு எரிபொருள் மீட்டர் கண்ணெதிரே ஓடுகிறது. புகைபோக்கியின் வாயோ இருளில் மறைந்திருக்கிறது. மாதக் கணக்கில் செலவு குறைந்தால் அவருக்குப் பாராட்டு. இந்நிலையில் அவர் விரல் எந்தப் பொத்தானை நாடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. குளிர்காலத்து இரவில் தரையை ஒட்டிய காற்று அசையாமல் படிந்துகிடக்கும். விட்ட ஆவி மேலே கலைந்து போகாமல் நம் சன்னல்களையே வந்தடையும். அதற்கு மாறாக, நிறுத்தினாலும் மிச்சம் பெரிதாக இல்லை, குளிர்ந்த பீங்கானை மீண்டும் சூடேற்றுவதே கூடுதல் செலவு என்ற நிலை இருக்குமாயின், கலத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது. நேர்மையை மட்டும் நம்பி நிற்கும் பாதுகாப்பை விட, நேர்மையும் ஆதாயமும் ஒருபக்கம் சேர்ந்து நிற்கும் பாதுகாப்பு உறுதியானது.

கருவி இருப்பது வேறு, அது ஓடுவது வேறு என்பதைப் போபால் நமக்குக் கற்பித்தது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் மெத்தில் ஐசோசயனேட் அந்நகரில் பரவியபோது, அந்த ஆலையில் வாயுவை எரிக்கும் கோபுரம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்குச் செல்லும் குழாயின் ஒரு பகுதி பழுது பார்ப்பதற்காகக் கழற்றப்பட்டிருந்தது. நச்சு வாயுவைக் கழுவும் கருவியும் ஆயத்த நிலையில் ஓடவில்லை. பொருளைக் குளிர்விக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. அத்துணைப் பெரும் வெள்ளத்தைத் தாங்கும்படி அக்கருவிகள் அமைக்கப்படவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், சிக்கனத்தின் பெயரால் பாதுகாப்பை உறங்கவிடுவது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அந்த இரவைவிடக் கொடிய பாடம் வேண்டுமா?

இனி, இம்முறையின் குறைகளையும் மறையாது கூறவேண்டும். தீ எல்லாவற்றையும் தூய்மை செய்துவிடாது. ஆவியில் குளோரின் இருந்தால், எரிந்தபின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் தோன்றும். மருந்து ஆலைகளில் புழங்கும் டைகுளோரோமீத்தேன் இத்தகையது. அங்கே எரிகலத்தை அடுத்துக் கார நீரால் காற்றைக் கழுவும் கோபுரமும் இருந்தே தீரவேண்டும். சூடும் குளிர்வும் முறையாக இல்லையெனில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உருவாகக்கூடும். கந்தகம் இருந்தால் கந்தக டையாக்சைடு தோன்றும். சிலிக்கோன் கலந்திருந்தால் அது எரிந்து நுண்மணலாகிப் பீங்கானின் துளைகளை அடைத்துவிடும். இரு கோபுரக் கலத்தில், வால்வு திரும்பும் நொடியில் உள்ளே பாதி வழியில் நின்ற அழுக்குக் காற்று எரியாமலே வெளியேறும் குறையும் உண்டு. மூன்றாவது கோபுரம் ஒன்றைச் சேர்த்து, மிஞ்சிய காற்றைத் துடைத்தெடுத்து எரியறைக்கே திருப்புவது அதற்கு மாற்று. மேலும், எரிந்த ஆவி கரியமில வாயுவாகி வானை அடையத்தான் செய்கிறது.

ஆகவே எரித்தல் முதற் கடமையன்று, கடைசிக் கடமை. கரைப்பானே தேவைப்படாத, நீரில் கரையும் மையையும் வண்ணத்தையும் பயன்படுத்துவது முதல் வழி. ஆவியைக் குளிர்வித்தோ, கரியில் உறிஞ்சச் செய்தோ மீண்டும் கரைப்பானாகவே பெறுவது இரண்டாம் வழி. அவ்விரண்டும் இயலாத மீதியையே தீயிடம் ஒப்படைத்தல் வேண்டும். சமையலறையில் சிக்கனம் அறிந்த பெண்மணி, முதலில் வீணாக்காமல் சமைப்பாள். மிஞ்சியதை மறுவேளைக்கு ஆக்குவாள். அதற்கும் ஆகாததையே கழிப்பாள். ஆலைக்கும் அதே அறம் பொருந்தும்.

இவற்றை அறிந்து நாம் செய்யத்தக்கது யாது? ஆலையின் வாயிலில் கூடி நின்று கூச்சலிடுவதால் பயன் சிறிது. அதனினும் வலிமையுள்ள ஆயுதம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். நாற்றம் வந்த நாள், மணி, காற்றின் திசை, நாற்றத்தின் வகை, எவ்வளவு நேரம் நீடித்தது, கண்ணெரிச்சலோ இருமலோ இருந்ததா என்று எழுதிவையுங்கள். ஒரு வீட்டார் எழுதினால் அது குறை. பத்து வீட்டார் தனித்தனியே எழுதி, பத்தும் ஒத்திருந்தால் அது சான்று. நாற்றம் தெரியவில்லை என்பதாலேயே ஆபத்தில்லை என்று எண்ணிவிடவும் கூடாது. நெடுநேரம் முகர்ந்தால் மூக்கு சலித்துவிடும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்தால், முகரும் ஆற்றலையே அது மரத்துப்போகச் செய்துவிடும்.

சான்று கைக்கு வந்தபின் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதலாம். ஆலைக்கு வாரியம் வழங்கிய இசைவில் என்னென்ன நிபந்தனைகள் உள்ளன என்பதை, 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டறியலாம். மத்திய வாரியம் 2014ஆம் ஆண்டில், மாசு மிகுந்த பதினேழு வகைத் தொழில்களும் புகைபோக்கியை இடையறாது அளக்கும் கருவிகளை வைக்கவேண்டும் எனப் பணித்தது. அவ்வகையில் நம் அண்டை ஆலை அடங்குமா என்றும் வினவலாம். முறையீட்டுக்குச் செவி சாய்க்காவிடில், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லியிலும் போபால், புணே, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலும் அமர்வுகளைக் கொண்டிருக்கிறது.

ஆலையாரைச் சந்திக்க வாய்ப்புக் கிட்டினால், பொதுவாகக் குறை கூறுவதை விடுத்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எரியறையின் சூடு எத்தனை டிகிரி, அது இரவும் பகலும் பதிவாகிறதா? கலம் நின்றால் உற்பத்தியும் தானாக நிற்கும்படி பூட்டு உண்டா? ஆவியில் குளோரினோ கந்தகமோ உளதா, உளதெனில் கழுவும் கோபுரம் எங்கே? கலத்துள் புகும் காற்றையும் வெளிவரும் காற்றையும் வெளியார் கடைசியாக அளந்தது எப்போது? இந்நான்குக்கும் தாளில் விடை தரும் ஆலையை ஓரளவு நம்பலாம். புன்னகையில் விடை தரும் ஆலையை நம்புதற்கில்லை.

நம்மவருக்கு ஒரு தயக்கம் உண்டு என்பதை நாம் அறிவோம். பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு, ஊர்மொழியும் நமக்குச் சரளமாக எழுத வராதே என்று பெரியோர் ஒதுங்குவர். ஆனால் மராத்தியும் குஜராத்தியும் இந்தியும் பிழையற எழுதும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். மனுவை அவர்கள் எழுதட்டும். கையொப்பம் மட்டும் நம்முடையதாக நின்றுவிடாமல், அண்டை வீட்டு மராத்தியர், குஜராத்தியர், தெலுங்கர் எல்லோருடையதாகவும் இருக்கட்டும். காற்றுக்கு மொழி இல்லை. அது எல்லார் வீட்டுச் சன்னலிலும் ஒன்றுபோலவே நுழைகிறது. ஆலைக்குள் பணிபுரியும் நம் பொறியாளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வெப்பத்தை மீட்டால் எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்ற கணக்கை உள்ளிருந்தே போட்டு மேலிடத்தில் வைப்பார்களாயின், வெளியே நூறு பேர் எழுதும் மனுவினும் அஃது விரைவில் பலிக்கலாம்.

ஊதியம் வேண்டும்; மூச்சும் வேண்டும். இரண்டையும் கேட்பது பேராசையன்று. ஆலைக்குள் பிறந்த வெப்பத்தை ஆலைக்குள்ளேயே நிறுத்தி, வெளியே தூய காற்றை மட்டும் அனுப்பும் வழியை மனிதன் கண்டு பல ஆண்டுகள் ஆயின. எஞ்சியிருப்பது, அக்கலம் இன்றிரவும் ஓடுகிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் பொறுப்பு. அப்பொறுப்பு குடியிருப்போராகிய நம்முடையது.

அடுத்த திங்கள், குடிநீரில் உப்பு மிகுவது ஏன், அதற்கு வீட்டில் செய்யத்தக்கது யாது என்பதைக் காண்போம்.